தன் வழக்குக்குத் தானே நடுவர்

1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு சிகிச்சைச் சோதனை ஒன்றில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் தன்னார்வலராகச் சேர்ந்தார். உடலில் அமோனியாவைத் தேங்கவிடும் ஒரு பிறவிக் கோளாறு அவருக்கு இருந்தது. பல குழந்தைகளைப் பிறந்த சில நாட்களிலேயே கொண்டுபோய்விடும் நோய் அது. அவருக்கு வந்திருந்தது லேசான வகை என்பதால் மாத்திரைகளையும் உணவுக் கட்டுப்பாட்டையும் வைத்துச் சமாளித்துவந்தார். சோதனை அவரைக் குணப்படுத்துவதற்காக நடக்கவில்லை. மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸை உடல் எந்த அளவுவரை தாங்கும் என்று பார்ப்பதற்காக நடந்தது. பலன் ஏதும் இருந்தால் அது இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்குத்தான் போய்ச் சேரும். அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சம்மதித்தார். செப்டம்பர் 13 அன்று மருந்தைச் செலுத்தினார்கள்; 17 அன்று இறந்துபோனார். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் ஒரு தகவல் இருந்தது. இந்த ஆய்வு வெற்றி பெற்றால் பல்கலைக்கழகத்துக்கும், மரபணு சிகிச்சை ஆய்வு மையத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வில்சனுக்கும், அவருக்குப் பங்கு உள்ள ஜெனோவோ என்ற கம்பெனிக்கும் பண ஆதாயம் உண்டு என்று அது சொன்னது. யாரும் மறைக்கவில்லை; எழுதியே வைத்திருந்தார்கள்.

இந்தத் தகவலை நாம் சாதாரணமாகக் கடந்துபோய்விட முடியாது. பல்கலைக்கழக ஆய்வில் பணம் புகுந்து கெடுக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எல்லோரும் முதலில் கேட்பது ஒளிவுமறைவற்ற அறிவிப்பைத்தான். யாரிடம் எவ்வளவு வாங்கினாய், எந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறாய் என்று சொல்லிவிடு, பிறகு படிப்பவர் பார்த்துக்கொள்வார் என்பதே பொதுவான எண்ணம். இங்கே சொல்லியாயிற்று. வில்சன் 1992இல் ஜெனோவோவைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி ஆய்வு மையத்துக்குப் பணம் கொடுத்தது. பல்கலைக்கழகமும் அதில் பங்குதாரர். கெல்சிங்கர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு ஜெனோவோ வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டபோது வில்சனின் பங்கு 1.35 கோடி டாலர் பெறும் என்றும், பல்கலைக்கழகத்தின் பங்கு 14 லட்சம் டாலர் பெறும் என்றும் செய்திகள் வந்தன. மருந்து செலுத்திய நாளில் கெல்சிங்கரின் அமோனியா அளவு அனுமதித்த வரம்பைத் தாண்டியிருந்தது, முந்தைய நோயாளிகளுக்கு வந்த பக்கவிளைவுகள் உரிய முறையில் தெரிவிக்கப்படவில்லை என்றெல்லாம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறை கண்டது. 2005இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே பல்கலைக்கழகம் அரசுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்தது. ஆனால் அந்த இளைஞரின் சாவுக்குப் பணம்தான் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முடியாது என்பதுதான் என் வாதத்தின் தொடக்கம்.

ஹார்வர்டின் அரசியல் தத்துவ அறிஞர் டென்னிஸ் தாம்சன் 1993இல் இந்த நிலைமையைத் தெளிவாக வரையறுத்தார். ஆய்வாளருக்கு முதன்மைக் கடமை ஒன்று இருக்கிறது: நோயாளியின் நலன், அல்லது ஆய்வின் உண்மை. அதன்மீது வேறொரு நலன் அளவுக்கு மீறிச் செல்வாக்குச் செலுத்தக்கூடிய சூழ்நிலைகளின் தொகுதியே நலன் முரண். இதில் கவனிக்க வேண்டியது, இது குற்றத்தின் பெயர் அல்ல என்பது. தவறு செய்தவரும் செய்யாதவரும் இந்த நிலையில் ஒன்றுபோலவே இருக்கிறார்கள். அப்படியானால் கேள்வி, இவர் நல்லவரா என்பதாக இருக்க முடியாது. ஒரு மனிதர் தன் நடுநிலைக்குத் தானே சாட்சியாக இருக்க முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்பது என் விடை. அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டால், இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் நலன் முரணைக் கையாளும் முறைகளில் பெரும்பகுதி போதாது என்ற முடிவுக்கும் வந்தாக வேண்டும்.

நம் மரபு நெஞ்சைச் சாட்சியாக நம்புகிற மரபு. தெரிந்தே பொய் சொன்னவனை அவன் நெஞ்சமே வருத்தும் என்பதில் வள்ளுவருக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பேசுவது பொய்யைப் பற்றி. பொய் சொல்பவனுக்கு உண்மை எது என்று தெரியும். தெரிந்ததற்கும் சொன்னதற்கும் உள்ள இடைவெளிதான் அவனை உறுத்துகிறது. சாய்வு அந்த வழியாக வருவதில்லை. அது தீர்ப்பு உருவாவதற்கு முன்பே, எது கண்ணில் படுகிறது, எது படாமல் போகிறது என்ற இடத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. தீர்ப்பு நெஞ்சுக்கு வந்து சேரும்போது அது உண்மையைப் போலவே தோன்றும். நெஞ்சும் மனநிறைவோடு ஆமோதிக்கும். ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1785இல் வெளியான தம் ஒழுக்கத் தத்துவ நூலில், எவ்வளவு கடுமையாக நம்மை நாமே துருவிப் பார்த்தாலும் நம் செயல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தூண்டுதல்களை முழுவதுமாகக் கண்டுவிட முடியாது என்று ஒப்புக்கொண்டார். கடமையைப் பற்றி அவரைவிடக் கண்டிப்பாகப் பேசியவர்கள் குறைவு. அவரே சொன்னதால் இது கூடுதல் கனம் பெறுகிறது.

சாய்வு வேலை செய்யும் இடத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். சோதனை மருந்தை எடுத்துக்கொண்ட ஒருவருக்கு மூன்றாம் நாள் கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றன. பதிவுத் தாளில் ஒரு கேள்வி: இந்த விளைவுக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டா? எதிரே சில கட்டங்கள்: தொடர்பில்லை, இருக்கலாம், அனேகமாக உண்டு, நிச்சயமாக உண்டு. நோயாளி முதல் நாள் தலைவலிக்குப் பாரசிட்டமால் சாப்பிட்டிருக்கிறார். அதுவும் நொதிகளை ஏற்றக்கூடியது. போன மாதம் அவருக்கு ஒரு காய்ச்சலும் வந்து போயிருக்கிறது. இப்போது எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? இரண்டு நேர்மையான மருத்துவர்கள் இரண்டு வேறு கட்டங்களில் போடலாம். இருவருக்கும் காரணம் சொல்ல வாயிருக்கும். இதைப் போன்ற முடிவுகள் ஒரு சோதனையில் நூற்றுக்கணக்கில் வரும். எந்த மருந்தோடு ஒப்பிடுவது, ஒப்பிடும் மருந்தை எந்த அளவில் கொடுப்பது, வரம்பை மயிரிழையில் தாண்டிய நோயாளியைச் சேர்ப்பதா விடுவதா, எப்போது நிறுத்துவது, கிடைத்த எண்களில் எதைக் கட்டுரையின் தலைப்பில் ஏற்றுவது. ஒவ்வொன்றிலும் விதி தளர்ந்து மனிதரின் தீர்ப்பு தொடங்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் நிற்பவரின் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கம்பெனியின் பங்கு விலையோடு கட்டப்பட்டிருந்தால், அவர் எந்தப் பொய்யும் சொல்லாமலேயே நூறு இடங்களில் ஒரே பக்கம் சாய்ந்துவிட முடியும்.

இது வெறும் ஊகம் என்று சொல்வதற்கில்லை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் பற்றிய ஆய்வுகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும், முடிவு எப்படி வந்தது என்பதையும் ஒப்பிட்ட 75 கட்டுரைகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தயாரிப்பாளரின் பணத்தில் நடந்த ஆய்வுகள் பொருளுக்குச் சாதகமான முடிவுரைக்கு வருவது மற்றவற்றைவிட 1.34 மடங்கு அதிகம். அதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொரு கண்டுபிடிப்பு. தரத்தை அளக்க வழக்கமாகப் பயன்படும் அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் கம்பெனிப் பணத்து ஆய்வுகள் மற்றவற்றைவிட மோசமாக இல்லை. ஓரிரு வகையில் சற்று மேலாகக்கூட இருந்தன. அதாவது கோணல் இருக்கிறது, ஆனால் கோணலைப் பிடிப்பதற்காக நாம் செய்துவைத்த கருவியில் அது சிக்கவில்லை. அறிவியல் முறையே தவறுகளைத் திருத்திக்கொள்ளும், தனியாகக் காவல் எதற்கு என்று கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு சிறிய ஆய்வும் இங்கே பொருந்தும். 2001இல் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் மருந்துக் கம்பெனிகளின் அன்பளிப்புகளைப் பற்றிக் கேட்டார்கள். தங்கள் மருந்துச் சீட்டை அவை பாதிப்பதில்லை என்று 61 விழுக்காட்டினர் சொன்னார்கள். மற்ற மருத்துவர்களும் அப்படியே பாதிக்கப்படாமல் இருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் 16 விழுக்காட்டினர்தான். அடுத்தவரின் சாய்வு நமக்கு நன்றாகத் தெரிகிறது, நம்முடையது தெரிவதில்லை.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு தன்மானத்தைச் சேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் நேர்மையாக உழைத்த ஒரு பேராசிரியரைப் பார்த்து, நீ பங்கு வைத்திருக்கிறாய், ஆகவே இந்தச் சோதனையிலிருந்து விலகு என்பது அவரைத் திருடன் என்பதாகாதா? ஆகாது. நீதித்துறை இதை எப்போதோ தீர்த்துவிட்டது. இங்கிலாந்தில் கால்வாய்க் கம்பெனி ஒன்றின் வழக்கில் லார்ட் சான்சலர் காட்டன்ஹாம் தீர்ப்புச் சொன்னார். அந்தக் கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது. 1852இல் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ரத்து செய்தபோதே, காட்டன்ஹாம் அந்தப் பங்கால் துளியும் பாதிக்கப்பட்டிருப்பார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்றும் சொன்னது. தீர்ப்பு தவறு என்பதற்காக அது ரத்து செய்யவில்லை. நம் கடைவீதிகளில் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைக்கிறார்களே, அதிலும் இதே நியாயம்தான் இருக்கிறது. முத்திரை ஆய்வாளர் ஊரிலேயே மிக நேர்மையான வணிகரின் தராசையும் வாங்கிப் பார்க்கிறார். அதில் அவமானம் எதுவுமில்லை. தன் தராசுக்குத் தானே முத்திரை வைத்துக்கொள்வேன் என்று எந்த வணிகரும் கேட்பதுமில்லை. பேராசிரியர்கள் மட்டும் கேட்கலாம் என்பதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த எதிர்ப்பு இதைவிட வலுவானது. அமெரிக்க நோய்ப்பரவலியல் அறிஞர் கென்னத் ராத்மன் 1993இல் அதைக் கோபத்தோடு எழுப்பினார். ஒரு வாதத்தை அதன் சரக்கை வைத்து எடைபோட வேண்டும். சொன்னவர் யார், அவர் பையில் யாருடைய பணம் இருக்கிறது என்று பார்ப்பது தர்க்கப் பிழை. ஆளைப் பார்த்துக் கட்டுரையைச் சந்தேகிப்பது ஒருவகை வேட்டையாடல் என்றார். கணித நிரூபணத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். அங்கே எல்லாமே தாளில் இருக்கிறது. எழுதியவர் கொலைகாரராகவே இருந்தாலும் ஒவ்வொரு படியையும் நாமே சரிபார்த்துவிடலாம். மருந்துச் சோதனை அப்படிப்பட்டதா? நம் தத்துவ மரபில் அறிவு வரும் வழிகளை அளவைகள் என்பார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயவாதிகள் அவற்றை விரிவாக அடுக்குகிறார்கள். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றாகச் சுருக்கிக்கொள்கிறது. ஆய்வாளருக்கு அந்த வார்டு காண்டல். எண்களிலிருந்து அவர் செய்வது கருதல். நாம் வார்டில் இல்லை, எந்தக் கட்டத்தில் ஏன் டிக் விழுந்தது என்று பார்க்கவும் இல்லை. நமக்கு வந்து சேர்வது உரை மட்டுமே. உரை அளவையாக நிற்க வேண்டுமானால் உரைப்பவர் விருப்பு வெறுப்புக்கு ஆட்படாத நம்பத்தகுந்தவராக இருக்க வேண்டும் என்பதில் நையாயிகர் முதல் சித்தாந்திகள் வரை பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஆகவே சாட்சியின் நிலையை விசாரிப்பது தர்க்கப் பிழை ஆகாது. சாட்சியத்தை எடைபோட அதைத் தவிர வேறு வழியே இல்லை.

பணத்தை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள், புகழாசை இல்லையா, சொந்தக் கோட்பாட்டின் மீதுள்ள பிடிவாதம் இல்லையா என்றும் கேட்பார்கள். உண்டு. சில வேளைகளில் பணத்தைவிட அவைதான் கண்ணை அதிகம் மறைக்கும். ஆனால் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையை நீக்கினால் ஆய்வாளரே மிஞ்சமாட்டார். பங்குப் பத்திரத்தை நீக்கினால் ஆய்வாளர் அப்படியே இருப்பார். புகழ் உண்மையைக் கண்டவருக்கும் கிடைக்கும், அடுத்தவர் பிழையைக் காட்டியவருக்கும் கிடைக்கும். கம்பெனியின் பங்கு ஒரே ஒரு விடைக்குத்தான் பணம் தரும். நீக்கக்கூடியதை, அளக்கக்கூடியதை, எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததை முதலில் நீக்குவதில் தவறில்லை.

இனி அறிவிப்புக்கு வருவோம். 2005இல் கெயின், லோவன்ஸ்டைன், மூர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஜாடி நிறைய நாணயங்கள். ஒருவர் அதைத் தூரத்திலிருந்து சில விநாடிகள் மட்டும் பார்த்து மொத்த மதிப்பை ஊகிக்க வேண்டும். அருகில் நின்று நன்றாகப் பார்த்த இன்னொருவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். சில ஜோடிகளில், ஊகம் சரியாக இருந்தால் ஆலோசகருக்குப் பணம். வேறு சில ஜோடிகளில், ஊகம் எவ்வளவு உயர்கிறதோ அவருக்கு அவ்வளவு பணம். இந்தப் பிந்தைய ஏற்பாட்டை ஊகிப்பவரிடம் சொல்லிவிட்டபோது என்ன நடந்தது? ஆலோசகர்கள் இன்னும் உயர்த்திச் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவுக்குக் கழித்துக்கொள்ளவில்லை. அறிவிப்பால் அவர்கள் அடைந்தது நஷ்டம். எச்சரித்தாயிற்று, இனி உன் பாடு என்ற நினைப்பு சொல்பவருக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்துவிடுகிறது. ஒரு ஜாடி விளையாட்டிலிருந்து உலகையே தீர்மானிக்கக் கூடாதுதான். ஆனாலும் இதிலுள்ள அறக்கேட்டைக் காணப் பரிசோதனைகூடத் தேவையில்லை. அறிவிப்பு சாய்வை நீக்குவதில்லை. அதைச் சமாளிக்கும் பொறுப்பை மாற்றிவைக்கிறது. யார்மேல்? அந்த அறையிலேயே மிகக் குறைவாகத் தெரிந்தவர்மேல். பண ஆதாயம் உண்டு என்று படித்த 18 வயது இளைஞர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்? மருந்தின் அளவை மாற்றச் சொல்ல முடியுமா? முந்தைய நோயாளிகளின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க முடியுமா? கையெழுத்துப் போடலாம், அல்லது எழுந்து போகலாம். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த அறிவிப்பே ஆய்வாளரின் சொந்த வாக்குமூலத்தை நம்பி நிற்கிறது. அமெரிக்க செனட் உறுப்பினர் சார்லஸ் கிராஸ்லி 2008இல் நடத்திய விசாரணையில், எமரி பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறைத் தலைவர் ஒருவர் 2000 முதல் 2007 வரை மருந்துக் கம்பெனிகளிடம் பெற்ற 28 லட்சம் டாலரில் குறைந்தது 12 லட்சம் டாலரைத் தன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கவில்லை என்று தெரியவந்தது. ஒரு கம்பெனியிடம் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கமாட்டேன் என்று 2004இல் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதே ஆண்டில் அதே கம்பெனியிடம் அவர் வாங்கியது 1,70,000 டாலர் என்று அந்த விசாரணை சொன்னது. இதையடுத்து அமெரிக்க அரசு விதிகளை இறுக்கியது. 2012இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி அறிவிக்க வேண்டிய தொகையின் வரம்பு 10,000 டாலரிலிருந்து 5,000 டாலராகக் குறைந்தது. எது ஆய்வோடு தொடர்புள்ளது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஆய்வாளரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனது. நல்ல மாற்றங்கள்தான். அடிப்படை மட்டும் மாறவில்லை.

அடிப்படையில் என்ன மாற வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1969இல் உச்ச நீதிமன்றம் கிரெய்பாக் வழக்கில் தீர்ப்பளித்தது. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த குழுவில் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலர் ஓர் உறுப்பினர். அவரே அந்தப் பணிக்கு ஒரு வேட்பாளரும்கூட. தன் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் குழுவில் அமரவில்லை. ஆனால் தன் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது அமர்ந்திருந்தார். மற்ற உறுப்பினர்கள் அவர் தங்கள் மனதை மாற்ற முயலவில்லை என்று சொன்னார்கள். நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. தேர்வு முழுவதையும் ரத்து செய்தது. ஒருவர் குழுவில் இருப்பதே மற்றவர்களின் தீர்ப்பில் கலந்துவிடும், எவ்வளவு கலந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சில்வேனியாவைப் பாருங்கள். அங்கும் ஒரு குழு 1995இல் கூடி வில்சனின் நலன் முரணை ஆராய்ந்தது. நோயாளிகளைச் சேர்ப்பதிலும் அவர்களின் ஒப்புதலைப் பெறுவதிலும் அவர் ஈடுபடவில்லை. வேறு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மையத்தின் இயக்குநர் அவர்தான். சோதனைக்காக உணவு மருந்து நிர்வாகத்தின் முன் பொறுப்பேற்று நின்றவரும் அவர்தான். ஒரு கதவு வழியாக வெளியே போனவர் மற்ற எல்லாக் கதவுகளிலும் நின்றுகொண்டிருந்தார். விலகல் என்பது ஒரு நாற்காலியிலிருந்து எழுவது என்று நினைத்ததில்தான் பிழை இருக்கிறது. சோதனையின் வடிவம், வரம்புகள், பக்கவிளைவுகளின் மதிப்பீடு, நிறுத்தும் அதிகாரம் ஆகிய நான்கும் ஆதாயமில்லாத ஒருவர் கைக்குப் போயிருக்க வேண்டும். அந்த ஒருவர் ஆதாயமுள்ளவருக்குக் கீழே வேலை பார்ப்பவராகவும் இருந்திருக்கக் கூடாது.

கண்டுபிடித்தவருக்குத்தான் பொருளின் நுணுக்கம் தெரியும், அவரை விலக்கினால் நோயாளிக்கே ஆபத்து, மருத்துவ முன்னேற்றமும் நின்றுபோகும் என்பார்கள். இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். வில்சனின் ஆய்வகம் அந்தச் சாவுக்குப் பிறகு வேறொரு வைரஸ் வகைக்குத் திரும்பியது. அங்கே கண்டெடுத்த ஏஏவி-9 என்ற வைரஸைச் சுமப்பானாகக் கொண்டுதான், முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவோடு பிறக்கும் குழந்தைகளுக்கான சோல்ஜென்ஸ்மா என்ற மருந்து உருவாகி 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு வயதுக்குள் இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். இந்த வழியில் தனியார் கம்பெனிகளின் முதலீடும் காப்புரிமையும் இல்லாமல் மருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பணம் அசுத்தமானது, பல்கலைக்கழகம் அதைத் தீண்டக் கூடாது என்ற துறவு மனப்பான்மையும் என்னிடம் இல்லை. ஆனால் கண்டுபிடிப்பது ஒரு வேலை, கண்டுபிடித்தது பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. முதல் வேலையில் ஆதாயம் உந்துசக்தி. இரண்டாவதில் அதே ஆதாயம் திரை. கண்டுபிடித்தவரை அழைத்து விளக்கம் கேட்கலாம், அறுவை அரங்கில் பக்கத்தில்கூட நிற்க வைக்கலாம்; தீர்ப்பு அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2001இல் கிட்டத்தட்ட இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது: கணிசமான பண ஆதாயம் உள்ளவர் மனிதர்கள் மீதான ஆய்வை நடத்தக் கூடாது என்பதே தொடக்க நிலை, தவிர்க்க முடியாத காரணம் உண்டென்றால் அதை நிறுவும் பாரம் அவருடையது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி 1990 முதலே தன் ஆசிரியர்களுக்கு இதைப் போன்ற கண்டிப்பான வரம்பை வைத்திருக்கிறது. அதனால் அங்கே ஆராய்ச்சி நின்றுபோகவில்லை.

இவ்வளவும் ஆய்வாளரைப் பற்றியது. கடினமான பகுதி இனிதான். ஆய்வாளரைத் தானே நடுவராக இருக்கவிடாமல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறோம், பல்கலைக்கழகம் யார்? அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழி செய்தது. அதன்பின் அவை பங்குதாரர்களாகவும் ஆயின. பென்சில்வேனியாவில் வில்சனின் ஆதாயத்தை விசாரித்த நிறுவனம் அதே கம்பெனியில் பங்கு வைத்திருந்தது. கனடாவில் இதைவிடக் கசப்பான சம்பவம் நடந்தது. டொரண்டோவில் தலசீமியா நோயாளிகளுக்கான டெஃபெரிப்ரோன் மருந்தைச் சோதித்த டாக்டர் நான்சி ஒலிவியெரி, அது சிலரிடம் போதிய பலன் தரவில்லை என்று கண்டு நோயாளிகளுக்குச் சொல்ல விரும்பினார். மருந்துக் கம்பெனியான அப்போடெக்ஸ் 1996இல் சோதனைகளை நிறுத்தி, வெளியே சொன்னால் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தது. அவர் பேசினார். அந்த நாட்களில் டொரண்டோ பல்கலைக்கழகம் அதே கம்பெனியிடமிருந்து கோடிக்கணக்கான டாலர் நன்கொடையை எதிர்பார்த்துப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் கம்பெனிக்குச் சாதகமாக அரசுக்கே கடிதம் எழுதினார், பிறகு அதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2001இல் வெளியான கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் விசாரணை அறிக்கை, பல்கலைக்கழகமும் ஒலிவியெரி பணிபுரிந்த மருத்துவமனையும் அவருக்குப் போதிய துணை நிற்கவில்லை என்று சொன்னது. அந்த மருந்தின் தன்மையைப் பற்றி மற்ற மருத்துவர்கள் ஒலிவியெரியோடு உடன்படவில்லை என்பதும், பின்னாளில் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் நோயாளிகளிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு, அவர் மருந்தைப் பற்றிக் கொண்ட கருத்து சரியா என்பது விடையாகாது. சொல்ல விடாமல் தடுத்தவர்களிடமும், தடுத்ததைப் பார்த்திருந்தவர்களிடமும் வேறு கணக்கு இருந்தது. 2012இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளும் ஆய்வாளரின் ஆதாயத்தோடு நின்றுவிடுகின்றன; நிறுவனத்தின் ஆதாயத்தைத் தொடுவதில்லை.

இந்தியா இப்போது இதே பாதையில் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்-அப் கொள்கையின்படி ஆசிரியர்கள் தங்கள் ஆய்விலிருந்து கம்பெனி தொடங்கலாம். இடமும் வசதியும் கொடுக்கும் கல்வி நிறுவனம் அதில் 2 முதல் 9.5 விழுக்காடுவரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் தன் ஆய்வையும் கம்பெனி வேலையையும் பிரித்து வைக்க வேண்டும் என்றும், மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. பங்குதாரரான நிறுவனத்தின் குழுவே அனுமதி தர வேண்டும் என்றால் நாம் 1995இன் பென்சில்வேனியாவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். இதிலிருந்து மீளப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், நெறிமுறைக் குழுவின் தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று ஏற்கனவே சொல்கின்றன. நிறுவனத்துக்குப் பங்கு உள்ள கம்பெனியின் மருந்தோ கருவியோ மனிதர்கள்மீது சோதிக்கப்படும்போது பாதி போதாது. அந்த ஆய்வு மட்டும் முழுக்க முழுக்க வேறொரு நிறுவனத்தின் குழுவிடம் போக வேண்டும், சோதனையை நடத்துவதும் வேறொரு மருத்துவமனையாக இருக்க வேண்டும். செலவு கூடும், மாதங்கள் தாமதமாகும் என்று துணைவேந்தர்கள் சொல்வார்கள். ஆமாம், கூடும். பங்கை விற்றுவிட்டுச் சோதனையைத் தாங்களே நடத்திக்கொள்ளும் வழியும் அவர்களுக்குத் திறந்தேதான் இருக்கிறது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தக் கொள்கையின் அடுத்த திருத்தத்தில் இதை எழுதிச் சேர்க்க ஒரு பத்திக்கு மேல் ஆகாது.